ஈயம் போனது, ரப்பர் போனது: சிலாங்கூர் இந்தியர்கள் எங்கே நிற்கிறார்கள்?

பண்டார் உத்தாமாவில் இன்று தோட்டம் எதுவும் இல்லை. பேரங்காடியும் அடுக்குமாடிகளும் எம்ஆர்டி நிலையமும்தான் கண்ணில் படும். ஆனால், அங்கிருக்கும் தமிழ்ப்பள்ளியின் பெயர் எபிங்ஹாம். ஒரு காலத்தில் அந்த நிலம் முழுவதும் பரவியிருந்த ரப்பர் தோட்டத்தின் பெயர் அது. சுபாங் ஜெயாவில் சீபீல்ட், பூச்சோங்கில் காசல்பீல்ட், ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ், ஏபோர் என்று இந்தப் பட்டியல் நீளும். தோட்டம் போய்விட்டது. பால்மரம் சீவிய குடும்பங்களில் பலவும் போய்விட்டன. பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியானபோது நம் சமூகத்தில் அதிகம் பேசப்பட்டது ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான். நாட்டின் குடிமக்களில் இந்தியர்களின் பங்கு 2010இல் 7.3 விழுக்காடாக இருந்தது. பத்தாண்டுகளில் அது 6.7 விழுக்காடாகக் குறைந்தது. இந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால், எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கேள்விக்குக் கொடுத்த கவனத்தை, எங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்குச் சமூகம் கொடுக்கவில்லை. பள்ளி, கோயில், இடுகாடு, வீடு ஆகிய நான்கும் இரண்டாவது கேள்வியைச் சார்ந்தவை. அதற்கான பதில் சிலாங்கூரின் நில அமைப்பிலும், அந்த நிலத்திலிருந்து என்ன எடுக்கப்பட்டது என்ற வரலாற்றிலும் இருக்கிறது.

மலையடியில் ஈயம், கரையில் துறைமுகம்

சிலாங்கூரின் பரப்பளவு ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டர். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே மலாக்கா நீரிணை. இரண்டுக்கும் இடையே மேற்கு நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும் நிலம். மலைப்பாறைகளிலிருந்து அரித்து வரப்பட்ட ஈயமணல், ஆறுகள் சமவெளியில் இறங்கும் இடங்களில் படிந்தது. அம்பாங், சுங்கை பெசி, ரவாங், செரெண்டா, காஜாங் ஆகிய ஊர்கள் மலையடியில் வரிசையாக அமைந்ததற்கு அதுவே காரணம். கடற்கரைப் பகுதியான கிள்ளான், சபாக் பெர்ணம் ஆகியவற்றில் ஈயம் கிடையாது. களிமண்ணும் சதுப்பும் கண்டல் காடும்தான். ஆனால், மேலே தோண்டிய ஈயம் வெளியே போக வேண்டுமானால் கரைக்குத்தான் வர வேண்டும்.

1857இல் ராஜா அப்துல்லா கிள்ளான் ஆற்றின் வழியாக 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங்கில் ஈயம் தேடியவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டனர். ஆனாலும் ஈயம் கிடைத்தது. கோலாலம்பூர் பிறந்தது. அடுத்த பத்தாண்டில் மூண்ட கிள்ளான் போர், ஆற்று வழியே இறங்கும் ஈயத்தின் வரி யாருக்கு என்ற சண்டைதான். ஆற்றின் வாயை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே பணம்.

1880இல் ஆங்கிலேயர்கள் மாநில நிர்வாகத் தலைநகரைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினர். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம். இன்று நாம் கிள்ளான் பள்ளத்தாக்கு என்று அழைக்கும் நகரத் தொடரின் முதுகெலும்பு, ஈயத்தை மலையடியிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோன இந்த ஒரே பாதைதான்.

தமிழர்கள் வந்த வழி

ஈயச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். 1901இல் சிலாங்கூரின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 69 ஆயிரம். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் சீனர்கள். இந்தியர்கள் 17 ஆயிரம் அளவிலேயே இருந்தனர்.

ஈயத்தோடு தமிழர்களுக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய கா. தம்புசாமி பிள்ளை, லோக் யூவுடன் கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தியவர். 1894இல் அந்தச் சுரங்கத் தேவைக்காக அவர்கள் அமைத்த மின்னாக்கிதான் இந்த நாட்டில் மின்சார உற்பத்தியின் தொடக்கம். ஆனால், அவரைப் போன்றவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான தமிழர்கள் ஈயத்துக்கு வழி போட வந்தவர்கள். சாலை வெட்டினார்கள், தண்டவாளம் பதித்தார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அப்படி உருவான இடம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுப்ப உத்தரவானது. அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அங்கே ரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் அங்கே குடியேறினர்.

பெரிய அலை ரப்பரோடு வந்தது. கடற்கரைச் சமவெளியிலும் குன்றுகளுக்கு இடைப்பட்ட நிலத்திலும் காப்பித் தோட்டங்கள் ரப்பர் தோட்டங்களாக மாறின. 1911இல் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 94 ஆயிரமாக உயர்ந்தபோது, இந்தியர்களின் எண்ணிக்கை 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பத்தே ஆண்டுகளில் நான்கு மடங்கு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உருவானதும் இந்த அலையின் தொடர்ச்சிதான். அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ்: தென்னமரம்.

ஆக, சிலாங்கூரின் வரைபடத்தில் தமிழர்கள் நின்ற இடங்களை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ரயில்வே எங்கே வீடு கொடுத்ததோ அங்கே பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும். கம்பெனி எங்கே லயம் கட்டியதோ அங்கே தோட்டம். தோட்டத்துக்கு ஒரு கோயில், ஒரு கொட்டகைப் பள்ளி, ஓர் இடுகாடு. எல்லாமே கம்பெனி நிலத்தில். இந்த ஒன்றுதான் பிற்காலத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

சுரங்கம் மூடியபோதும் தோட்டம் மூடியபோதும்

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலை ஆதரவு நொறுங்கியது. உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. நாட்டில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எஞ்சியவை பள்ளங்களும் குட்டைகளும் மணல் மேடுகளும்.

அந்தப் பள்ளங்களுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். சுங்கை பெசியில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாக இருந்த பள்ளம், இன்று மைன்ஸ் ஏரி. அதைச் சுற்றிப் பேரங்காடியும் தங்கும் விடுதிகளும். பண்டார் சன்வே இருக்கும் இடமும் ஈய லம்பம்தான். 1974இல் ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கிய அதே நிறுவனம், தோண்டிய நிலத்திலேயே நகரத்தை எழுப்பியது. பள்ளத்தில் அமைந்த நீர் விளையாட்டுப் பூங்கா 1993இல் திறக்கப்பட்டது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் பழைய ஈயக் குட்டைகள், 2014 வறட்சியில் சிலாங்கூர் ஆற்றுக்குக் கூடுதல் நீர் கொடுத்து, குழாய்கள் வறண்டு போகாமல் இருக்க உதவின.

தோட்டங்களுக்கும் இதுவே நடந்தது. சீபீல்ட் தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயாவும் யுஎஸ்ஜேயும் எழுந்தன. புக்கிட் ஜெலுத்தோங், எல்மினா ஆகியவை கத்ரி நிறுவனத்தின் தோட்ட நிலங்கள். தோட்டம் நடத்திய பெரிய நிறுவனங்களே வீடமைப்பு நிறுவனங்களையும் தொடங்கின. நிலம் கையில் இருந்தவர்களுக்கு ஈயம் போனாலும் ரப்பர் போனாலும் நட்டமில்லை. நிலத்தின் விலை ஏறியது.

நிலம் இல்லாதவர்களுக்கு அப்படி இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் வீடும் போகும். ஏனென்றால், லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. அருகிலிருந்த பள்ளியும் கோயிலும் அவனுடையவை அல்ல. 1995இல் புத்ராஜெயா கட்டத் தொடங்கியபோது பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் கொடுத்த அந்தக் குடும்பங்கள், தரைவீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுக்குமாடிகூடக் கிடைக்காதவர்கள் புறம்போக்கு நிலங்களுக்குப் போனார்கள். பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் போன்ற இடங்களில் ஏழைகள் ஏழைகளோடு நெருக்கியடித்து வாழ்ந்தனர். 2001 மார்ச்சில் அங்கே மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் பறிபோயின. அது வெறும் இனச் சண்டை அல்ல, திட்டமில்லாமல் மக்களை இடம் மாற்றியதன் விளைவும்கூட என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினர்.

தாழ்ந்த நிலமும் மலிந்த விலையும்

நில அமைப்பு இன்னொரு வகையிலும் கணக்குத் தீர்க்கிறது. மலையடியில் பல்லாண்டுகள் ஈயம் கழுவிய மணல், கிள்ளான் ஆற்றில் இறங்கி அதன் படுகையை மேடாக்கியது. 1926இலும் 1971இலும் கோலாலம்பூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின் தலைநகரைக் காக்கச் சுரங்க வழி, தேக்கக் குளங்கள், ஆழப்படுத்தும் பணிகள் எனப் பல முயற்சிகள் நடந்தன. ஆனால், ஆறு கீழே இறங்கும்போது ஷா ஆலாமையும் கிள்ளானையும் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே நிலம் தாழ்வு. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் வடியாது.

2021 டிசம்பர் 18ஆம் நாள் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா கூரை அளவுக்கு மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கடன் வாங்கி வீடு வாங்கிய குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. உயரமான இடத்தில் விலை உயர்வு, தாழ்வான இடத்தில் விலை மலிவு. யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதைப் பெரும்பாலும் இந்த விலைதான் முடிவு செய்கிறது.

இன்றைய எண்கள்

2020 கணக்கெடுப்பின்படி சிலாங்கூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 70 லட்சம். நாட்டிலேயே அதிகம். பத்தாண்டுகளுக்கு முன் அது 54 லட்சத்து 60 ஆயிரமாக இருந்தது. 1974 வரை சிலாங்கூரின் பகுதியாக இருந்த கோலாலம்பூரில் மேலும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழ்கின்றனர். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கு சிலாங்கூரிலிருந்து வருகிறது. கிள்ளான் துறைமுகம் 2023இல் 20 அடி அளவிலான 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களைக் கையாண்டது.

இந்த மக்கள்தொகை மாநிலம் முழுவதும் சமமாகப் பரவவில்லை. ஒன்பது மாவட்டங்களில் பெட்டாலிங்கில் மட்டும் சுமார் 23 லட்சம் பேர். உலு லங்காட்டில் 14 லட்சம். கிள்ளானில் கிட்டத்தட்ட 11 லட்சம். ஒரு காலத்தில் ஈயமும் தோட்டமும் செழித்த உலு சிலாங்கூரும் கோல சிலாங்கூரும் இவற்றோடு ஒப்பிட்டால் மிகவும் பின்தங்கியவை. நெல் வயல்களும் தென்னையும் நிறைந்த சபாக் பெர்ணம் அதற்கும் பின்னால்.

மலேசிய இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் சிலாங்கூரில் வாழ்கின்றனர். வேறு எந்த மாநிலத்திலும் இந்த எண்ணிக்கை இல்லை. அதே சமயம், நாடாளுமன்றத் தொகுதி எதிலும் இந்தியர்கள் பெரும்பான்மையாக இல்லை. தோட்டங்களில் திரளாக இருந்தவர்கள் நகரத்தில் தாமான் தாமானாக, மாடி மாடியாகச் சிதறிவிட்டார்கள். 500 குடும்பங்கள் ஒரு தோட்டத்தில் இருந்தபோது ஒரு பள்ளி நடந்தது. அதே 500 குடும்பங்கள் 20 அடுக்குமாடிகளில் பிரிந்திருக்கும்போது, அருகில் தமிழ்ப்பள்ளி இல்லை என்ற காரணத்துக்காகவே பிள்ளை தேசியப் பள்ளிக்குப் போகிறது.

சிலாங்கூரில் ஏறத்தாழ 100 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் 15. நகரத்தின் நடுவே இருக்கும் பள்ளிகளில் வகுப்பறை போதவில்லை என்ற குரல் கேட்கிறது. கிள்ளான் சிம்பாங் லீமா, பூச்சோங் காசல்பீல்ட் போன்றவை நாட்டிலேயே மாணவர் அதிகமுள்ள தமிழ்ப்பள்ளிகளின் வரிசையில் உள்ளன. அதே மாநிலத்தில், செம்பனைக் காட்டுக்குள் 150 மாணவர்கள்கூட இல்லாத பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் இருக்கிறார், கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. இந்தியப் பெண்களின் சராசரி மகப்பேறு இரண்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கிவிட்ட நிலையில், அந்தப் பள்ளிகள் தாமாக நிரம்பும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை.

ஒரு பள்ளி மூடப்படும் நிலைக்கு வந்தால் சமூகம் கொதிக்கிறது. அது இயல்பு. ஆனால், புதிய குடியிருப்பு ஒன்று உருவாகும்போது அங்கே தமிழ்ப்பள்ளிக்கு நிலம் ஒதுக்கப்பட்டதா என்று அதே வேகத்தில் கேட்பவர்கள் மிகக் குறைவு. சிலாங்கூரில் புதிய நகரங்கள் வேகமாக எழுகின்றன. புதிய தமிழ்ப்பள்ளிகள் அந்த வேகத்தில் எழவில்லை.

கிள்ளான் ஏன் முக்கியம்

இந்தப் பின்னணியில் கிள்ளானைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைக்கப்பட்டது. வளைவும் நீரூற்றும் வந்தன. ஆனால், அங்கே குடியிருந்த ரயில்வே குடும்பங்களில் பெரும்பாலோர் இப்போது அங்கே இல்லை. பழைய ரயில்வே குடியிருப்புகள் இடிக்கப்பட்டு உயர்ந்த கட்டடங்கள் வந்துவிட்டன. பூ வாங்கவும் துணி வாங்கவும் மக்கள் வருகிறார்கள். மாலையில் வேறு ஊர்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் இன்று நம் சந்தை. நம் ஊராக அது நீடிக்கிறதா என்பது கேள்விக்குறி.

கிள்ளானில் அப்படி இல்லை. தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருப்பவரும் வாங்க வருபவரும் பெரும்பாலும் அதே வட்டாரத்தில்தான் வசிக்கிறார்கள். பெருமாள் கோயிலுக்கு நடந்தே வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகள் நிரம்புகின்றன. மக்களும் அவர்களின் நிறுவனங்களும் ஒரே இடத்தில் இருக்கும், மிஞ்சிய சில நகரங்களில் இது ஒன்று.

அந்தக் கிள்ளானும் இப்போது மாறுகிறது. 2024 பிப்ரவரி 5ஆம் நாள் அது அரச மாநகராகப் பிரகடனம் செய்யப்பட்டது. கிழக்குக் கரை ரயில் திட்டத்தின் 665 கிலோமீட்டர் பாதை கிள்ளான் துறைமுகத்தில்தான் முடிகிறது. எல்ஆர்டி3 பாதை பண்டார் உத்தாமாவில் தொடங்கி ஷா ஆலாம், கிள்ளான் வழியாக ஜொஹான் செத்தியா வரை 37 கிலோமீட்டர் செல்கிறது. கேரித் தீவில் புதிய துறைமுகம் அமைக்கும் பேச்சும் ஓயவில்லை. ஈயத்துக்காக ஆங்கிலேயர் போட்ட பாதையில் இன்று கொள்கலன்களும் பயணிகளும் போகிறார்கள். பாதை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் வாடகைக்கு இருப்பவர்களும், பட்டா இல்லாத கோயில்களும், தனியார் நிலத்தில் இருக்கும் பள்ளிகளும் முதலில் அசையும். சீபீல்டிலும் பிராங் பெசாரிலும் நாம் பார்த்தது இதைத்தான்.

என்ன செய்யலாம்

நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன்படி, ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் உள்ளூர்த் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பள்ளிக்கு, எது வழிபாட்டுக்கு என்பதெல்லாம் அந்த ஆவணத்தில்தான் முடிவாகிறது. பொதுமக்கள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுக்கலாம். ஊராட்சி மன்றத் தேர்தல் 1960களிலேயே நிறுத்தப்பட்டு, மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படும் நாட்டில், குடிமக்கள் நேரடியாகக் கருத்துச் சொல்லக்கூடிய வாய்ப்புகளில் இது முக்கியமானது.

கோயில் உடைக்கப்படும் நாளில் நூறு பேர் திரள்கிறார்கள். உள்ளூர்த் திட்டம் காட்சிக்கு வைக்கப்படும் வாரங்களில் பத்துப் பேர் போய் அந்த வரைபடத்தைப் பார்த்திருந்தால், அந்த நாள் வராமலே போயிருக்கலாம். கோயில் நிர்வாகங்கள், பள்ளி மேலாளர் வாரியங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆகியவை தங்கள் நிலம் யார் பெயரில் இருக்கிறது, திட்ட வரைபடத்தில் எந்த நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, மாணவர் இல்லாத தோட்டப் பள்ளிகளின் உரிமத்தை மக்கள் வாழும் குடியிருப்புகளுக்கு மாற்றும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்துப் பள்ளியை இழப்பதாக இதைப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளி தன் பிள்ளைகளைத் தேடிப் போகிறது, அவ்வளவே. எந்தப் பள்ளி எங்கே போகலாம் என்ற பட்டியலைச் சமூகமே முன்கூட்டித் தயாரித்து அரசிடம் கொடுக்க வேண்டும். பள்ளி காலியான பிறகு கொடுக்கும் மனுவுக்கு வலிமை இருக்காது.

மூன்றாவது, தோட்ட நிலம் மேம்பாட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், திட்ட அனுமதிக்கு முன்பே அங்குள்ள குடும்பங்களின் வீடு, பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவற்றுக்கான நிலம் எழுத்தில் உறுதியாக வேண்டும். நில அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. எனவே இந்தக் கோரிக்கை போக வேண்டிய இடம் மந்திரி பெசார் அலுவலகமும் மாநில ஆட்சிக்குழுவும்தான். இந்தியர் பிரதிநிதிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் விழா மானியம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் கேட்க வேண்டும்.

6.7 விழுக்காடு என்ற எண்ணை நம்மால் உடனே மாற்ற முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் அது இன்னும் குறையக்கூடும். ஆனால், இருக்கும் மக்கள் எங்கே வாழ்கிறார்கள், அவர்களுக்கு அருகில் பள்ளி இருக்கிறதா, கோயில் நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா என்பவை நம் முயற்சிக்கு உட்பட்டவை. சென்ற நூற்றாண்டில் நம் பாட்டன்களை எங்கே நிறுத்துவது என்று ரயில்வேயும் கம்பெனியும் முடிவு செய்தன. அவர்களைக் கேட்க யாரும் இல்லை. இந்த முறை வரைபடம் ஊராட்சி மன்றக் கூடத்தில் எல்லாரும் பார்க்கும்படி தொங்குகிறது. போய்ப் பார்ப்பதுதான் பாக்கி.